முத்துச் சலாபமும் ஜேம்ஸ் ஹார்னெலும்

1865ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1902இல் இலங்கை முத்துப் பார்களை ஆராய வந்தவர். பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் அமர்ந்து, தூத்துக்குடிக் கடலையும் ஆய்ந்து, அத்துறையின் இயக்குநராகவும் விளங்கினார்.

சலாபம் அறிவிக்குமுன் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை வணிகர் மதிப்பிட்டு வந்தனர். ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்னும் அக்கணக்கே பார் முழுமைக்கும் அளவாக இருந்தது. ஒரு சோறு பதம்தான். ஆயினும் பானையின் ஒரு மூலையில் மட்டும் எடுத்தால் போதுமா? தற்செயலாக ஓரிரு பெருமுத்துக்கள் அகப்பட்டாலும் மதிப்பு பொய்த்துவிடும். அதனை நம்பிய வணிகரும், சிப்பியில் ஒரு பங்கையே கூலியாகப் பெற்ற கீழக்கரை முஸ்லிம்களும் பரதவரும் வெறுங்கையுடன் மீண்டதுண்டு.

1906இல் இலங்கைப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த ஆங்கிலக் கம்பெனி, 1907க்குப் பின் சிப்பியின்றி நொடித்தது. மாதிரி இன்றைய சிப்பியைக் கூறுமேயன்றி நாளையதைக் கூறாது.

ஹார்னெல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றிய தம் ஆய்வை 1922இல் வெளியிட்டார், 1949இல் மறைந்தார். தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961இல் நடைபெற்றது.