பெஞ்சு மேளமும் வேதநாயகம் சாஸ்திரியாரும்

மலருக்கு ஏதாவது எழுதுடா என்று செயலாளர் கேட்டதும் எனக்கு வரைபடக் கூடம்தான் ஞாபகம் வந்தது. ஞாயிறு காலையில் கிறிஸ்தவ நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே கூடுவார்கள். பெஞ்சுதான் மேளம், டிபன் பாக்ஸ் மூடிதான் ஜால்ரா. மறந்து வைத்த டிராஃப்டரை எடுக்கப் போன நான், கும்மி மெட்டு காதில் விழுந்து அப்படியே நின்றுவிட்டேன். யார் எழுதினது என்று கேட்டேன். வேதநாயகம் என்றார்கள். நான் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். நல்ல அசடு!

இவர் வேறு. 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1785-இல் அங்கே வந்த ஜெர்மானிய மிஷனரி ஷ்வார்ட்ஸ், சிறுவனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். அதே ஷ்வார்ட்ஸிடம் பாடம் கேட்ட இன்னொரு பிள்ளை, பின்னாளில் மன்னரான சரபோஜி. பிறகு தரங்கம்பாடியில் டாக்டர் ஜானிடம் படிப்பு. பாம்பு, சங்கு, சிப்பி என்று தேடிச் சேர்த்த பாதிரியார் அவர். ஒரு மண்ணுளிப் பாம்புக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

1794-இல், இருபது வயதுகூட ஆகாத வேதநாயகம் தஞ்சாவூர் மிஷன் பாடசாலையில் ஆசிரியரானார். அவர் எடுத்துக்கொண்ட வடிவங்களைப் பாருங்கள்: கும்மி, ஏத்தப்பாட்டு, நொண்டி நாடகம், குறவஞ்சி. ஒன்றுகூட உட்கார்ந்து சும்மா கேட்கிற சமாசாரம் இல்லை. கும்மிக்குக் கை வேண்டும். ஏத்தப்பாட்டோ, சால் சாலாக எண்ணிக்கொண்டு நீர் இறைக்கிறவன் பாட்டு. எங்கள் தாத்தா ஒரு எண் தப்பினால் மறுபடி முதலிலிருந்து பாடுவாராம். அந்த மெட்டுகளில் இவர் வேதத்தை ஏற்றினார். 1800-இல் எழுதிய பெத்லகேம் குறவஞ்சியில், கிறிஸ்துவின் பவனிக்கு நடுவே சூரியனைப் பூமி சுற்றுகிற கணக்கும் வருகிறது. பக்திப் பாட்டுக்குள் கோப்பர்நிக்கஸ்! எஞ்சினியரான எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

இத்தோடு நிறுத்தினால் மலருக்கு அழகாயிருக்கும். ஆனால் நடந்தது அப்படியில்லை. 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள், தமிழ் மெட்டும் பூ அலங்காரமும் ஆலயத்தில் வேண்டாம் என்றார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். அதில் நான் அவர் கட்சி. அதே மிஷனரிகள், எல்லாச் சாதியாரும் ஒன்றாக நற்கருணை எடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதையும் அதே வேகத்தோடு எதிர்த்தார், வேளாளர் பக்கம் நின்று. அதில் நான் அவர் கட்சி இல்லை. நாட்டுப்புற மெட்டையெல்லாம் ஆலயத்துக்குள் கொண்டுவந்த மனிதர், பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் மட்டும் இப்படி நின்றாரே என்று இன்னமும் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

மிஷன் வேலை போயிற்று. பழைய பள்ளித் தோழர் சரபோஜி ஆதரித்தார். 1832-இல் மன்னர் மறைந்த பிறகு, ஊர் ஊராகப் போய்க் கதாபிரசங்கம்தான் பிழைப்பு. 1864 ஜனவரியில், 89 வயதில் காலமானார்.

வரைபடக் கூடத்தில் தாளம் போட்ட சிவில் நண்பன் இந்த முறை வருகிறானாம். பெஞ்சு இன்னும் அங்கேயே கிடக்கிறதா, பார்க்க வேண்டும்.