காலத்தைக் கையில் பிடித்து ஓடியவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)



இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிட நாம் நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் பிடிக்கிறோம். அத்தகைய கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே பந்தயத்தில் ஓடிய ஒருவர் இவ்வுலகில் இருந்தார். எதிரே யார் ஓடுகிறார், பின்னால் யார் வருகிறார் என்று அவர் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்த்தார். அவர்தாம் பின்லாந்து நாட்டின் ஓட்ட வீரர் பாவோ நூர்மி. ஒலிம்பிக் போட்டிகளில் ஒன்பது தங்கப் பதக்கங்களும் மூன்று வெள்ளிப் பதக்கங்களும் வென்றவர் அவர்.

அவரைப் பற்றி நான் அறிய நேர்ந்ததே என் தோல்வியால்தான். சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் 5000 மீட்டர் ஓட்டத்தில் நானும் கலந்துகொண்டேன். முதல் இரண்டு சுற்றுகளில் நானே முன்னால் ஓடினேன். நண்பர்கள் கைதட்டினார்கள். ஒன்பதாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். முந்தைய இரவு ஒரு மணி வரை கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்திருந்தேன். காலையில் இரண்டு டீ குடித்ததோடு சரி. நம் உடற்கல்வி இயக்குநர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. முந்தைய நாள் என்ன சாப்பிட்டேன், எப்போது தூங்கினேன் என்று மட்டும் கேட்டார். பிறகு நூலகத்துக்குச் சென்று பாவோ நூர்மியைப் பற்றிப் படித்துவிட்டு வரும்படி சொன்னார். படித்தேன். படித்ததில் என் நெஞ்சில் நின்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வறுமை தந்த வலிமை

பாவோ நூர்மி 1897 ஆம் ஆண்டு ஜூன் 13 ஆம் நாள் பின்லாந்தின் துர்க்கு நகரில் பிறந்தார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தை ஒரு தச்சர். 1910 இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு தங்கை ஒருத்தியும் இறந்தாள். குடும்பம் நிலைகுலைந்தது. சமையலறையை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, எஞ்சிய ஒரே அறையில் தாயும் பிள்ளைகளும் வாழ்ந்தார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த நூர்மி பள்ளியை விட்டு நின்றார். ரொட்டிக்கடை ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். துர்க்கு நகரின் மேடான தெருக்களில் பாரம் ஏற்றிய கைவண்டியைத் தள்ளிச் செல்வது அவர் வேலை. முதுகுக்கும் கால்களுக்கும் அந்த மேடுகளே வலிமை தந்தன என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். என் தந்தையார் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். விடியற்காலையில் சந்தையிலிருந்து சரக்கு ஏற்றி வரும்போது, ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உடன் படிக்கும் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு தள்ளியது உண்டு. நூர்மியைப் படித்த பிறகு நிமிர்ந்தே தள்ளுகிறேன்.

ஒழுங்கே பயிற்சி

1912 இல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. பின்லாந்து வீரர் ஹான்னஸ் கோலெமைனன் அங்கே மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அச்செய்தி பதினைந்து வயது நூர்மியின் உள்ளத்தில் கனலை மூட்டியது. சில நாட்களில் தம் முதல் ஓட்டக் காலணியை வாங்கினார். கோடையில் காடுமேடுகளில் ஓடினார்; பனிக்காலத்தில் பனிச்சறுக்கில் சென்றார். இளமையில் சில ஆண்டுகள் புலால், காப்பி, தேநீர், மது, புகையிலை அனைத்தையும் ஒதுக்கி வாழ்ந்தார். புலால் மறுத்ததால்தான் வென்றார் என்று நான் சொல்லமாட்டேன். ஏனெனில் பின்னாளில் அந்த நோன்பை அவர் தொடரவில்லை. தமக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டு, யாரும் காவல் இல்லாதபோதும் அதன்படி நடக்க அந்த வயதிலேயே பழகினாரே, அதுதான் பெரிது.

பகலில் பட்டறையில் வேலை; எஞ்சிய நேரத்தில் பயிற்சி. நெடுந்தூர நடை, குறுகிய விரைவோட்டம், உடற்பயிற்சி ஆகியவற்றைத் தம் அன்றாடத் திட்டத்தில் சேர்த்தார். 1919 இல் ராணுவப் பணியில் சேர்ந்தார். அங்கே மற்ற வீரர்கள் அணிவகுத்து நடந்த தூரத்தை, தோளில் துப்பாக்கியும் முதுகில் மணல் நிரப்பிய பையுமாக இவர் ஓடியே கடந்தார்.

1920 இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 5000 மீட்டரில் பிரெஞ்சு வீரர் ஒருவரிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். அத்தோல்வியால் துவளாமல் 10,000 மீட்டரிலும், காடுமேட்டு ஓட்டத்தில் தனியாகவும் அணியாகவும் தங்கம் வென்றார். ஊர் திரும்பிய பின் விட்டுப்போன கல்வியைத் தொடர்ந்தார். ஹெல்சிங்கியில் தொழிற்பள்ளியில் பயின்று 1923 இல் படிப்பை முடித்தார். படிப்பையும் விளையாட்டையும் எதிரிகளாக எண்ணும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

கடிகாரம் கற்பித்த பாடம்

சீரான வேகமே நூர்மியின் இரகசியம். இதில் அறிவியல் உண்டு. இதயமும் நுரையீரலும் ஒரு நிமிடத்தில் தசைகளுக்கு வழங்கக்கூடிய பிராணவாயுவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. தொடக்கத்திலேயே அந்த எல்லையை மீறி விரைபவனின் தசைகள் விரைவில் சோர்ந்துவிடும். எல்லையை ஒட்டியே சீராக ஓடுபவன் கடைசிவரை ஓடுவான். அந்த எல்லையை ஒரே நாளில் உயர்த்த முடியாது. நாள்தோறும் செய்யும் பயிற்சி, நேரத்தோடு உண்ணும் உணவு, போதிய தூக்கம் ஆகியவையே அதை மெல்ல மெல்ல உயர்த்தும். முதல் இரண்டு சுற்றில் கைதட்டு வாங்கி ஒன்பதாவது சுற்றில் நான் உட்கார்ந்ததன் காரணம் இப்போது விளங்கியது.

1924 ஜூலை 10 ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் நூர்மி நிகழ்த்தியது இன்றும் வியப்புக்குரியது. 1500 மீட்டரை 3 நிமிடம் 53.6 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். ஒரு மணி நேரம்கூட ஆகுமுன் 5000 மீட்டருக்கு வந்து நின்றார். 14 நிமிடம் 31.2 வினாடியில் அதிலும் தங்கம் வென்றார். நான் வகுத்துப் பார்த்தேன்: 100 மீட்டருக்குச் சராசரியாக 17.4 வினாடி. அப்படி ஐம்பது முறை, அதுவும் ஏற்கெனவே ஒரு பந்தயம் ஓடிய கால்களுடன்! இது தற்செயல் அன்று. மூன்று வாரங்களுக்கு முன்பே ஹெல்சிங்கியில் இதே இரு ஓட்டங்களையும் ஒரே நாளில் ஓடி ஒத்திகை பார்த்திருந்தார். அந்த ஒத்திகையிலேயே இரண்டிலும் உலக சாதனை படைத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் காடுமேட்டு ஓட்டம். பாரிஸ் நகரம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. ஓடத் தொடங்கியவர்கள் 38 பேர். ஓடி முடித்தவர்கள் 15 பேரே. பலரைத் தூக்குக்கட்டிலில் எடுத்துச் சென்றார்கள். நூர்மியோ தம் வேகத்தில் ஓடி முதலாவதாக வந்தார். அந்த ஒலிம்பிக்கில் மட்டும் அவர் பெற்ற தங்கம் ஐந்து.

1928 ஆம்ஸ்டர்டாமில் மேலும் ஒரு தங்கமும் இரண்டு வெள்ளியும் பெற்றார். 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் மாரத்தான் ஓடி விடைபெற விரும்பினார். ஆனால் ஓட்டத்துக்குப் பணம் பெற்றார் என்று குற்றம்சாட்டிய அனைத்துலகத் தடகளச் சம்மேளனம் அவருக்குத் தடை விதித்துவிட்டது. அந்தக் காயம் அவர் மனத்தில் நெடுங்காலம் ஆறவில்லை. எனினும் 1952 இல் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் நடந்தபோது, தீபத்தை ஏந்தி அரங்கினுள் ஓடிவந்தவர் 55 வயது நூர்மியே. துர்க்கு நகரில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கிச் சூரியனைச் சுற்றி வருகிறது. கடிகாரம் தவறாத ஓட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் ஏது?

வீரருக்கும் வந்த நோய்

இத்துடன் நிறுத்தியிருந்தால் இது வெறும் புகழ்மாலை ஆகியிருக்கும். நூர்மியின் வாழ்வில் என்னை உலுக்கிய பகுதி இனிமேல்தான் வருகிறது.

பிற்காலத்தில் அவர் கட்டடத் தொழிலும் துணிக்கடையும் நடத்திச் செல்வர் ஆனார். முதுமையில் இதயநோய் அவரைப் பற்றியது. எத்தனை ஆயிரம் மைல் ஓடிய இதயம் அது! 1968 இல் தம் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவி, இதய இரத்தக்குழாய் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தம் பொருளை வழங்கினார். 1973 அக்டோபர் 2 ஆம் நாள் மறைந்தார்.

அக்காலத்தில் இதயநோயால் இறக்கும் நடுவயது ஆண்கள் மிகுதியாக இருந்த நாடுகளில் பின்லாந்து முன்னணியில் நின்றது. அதிலும் வட கரேலியா என்னும் கிழக்குப் பகுதி மிக மோசம். அங்கே வாழ்ந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர்; மரம் வெட்டியும் பண்ணையில் உழைத்தும் வாழ்ந்தவர்கள். ஆனால் ரொட்டியின்மேல் கனமாக வெண்ணெய், கொழுப்பு மிகுந்த பால், மிகுந்த உப்பு, புகை, குறைந்த காய்கறி என்பதே அவர்கள் வழக்கம். 1972 இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் மருத்துவரின் தலைமையில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று, இல்லத்தரசிகளோடு சேர்ந்து சமையலையே மாற்றினார்கள். வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் வந்தது, உப்பு குறைந்தது, காய்கறியும் பழமும் கூடின, புகைப்பழக்கம் குறைந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அப்பகுதியில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரண விகிதம் 80 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது.

இதய நோய்க்குப் பிறவிக் காரணம் உண்டு, வயது உண்டு, உணவும் புகையும் உண்டு. ஓட்டம் பெரிய துணை. ஆனால் அது ஒன்றே முழுக் கவசம் ஆகிவிடாது. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களிலேயே அது தந்த ஆற்றல் குறையத் தொடங்கும். உடல்நலம் வங்கியில் போட்டுவைக்கும் வைப்புத்தொகை அன்று. அன்றாடம் சம்பாதிக்கும் கூலி!

வீட்டில் நடந்தது

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் என் தந்தையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியின்மேல் சாய்ந்தார். பிழைத்துக்கொண்டார். இரத்த அழுத்தம் மிகுதி, பீடியை விட வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தந்தையார் கேட்கவில்லை. நாளெல்லாம் வண்டி தள்ளுகிறவனுக்கு என்ன நோய் வரும், உட்கார்ந்து தின்கிறவர்களுக்குத்தானே வரும் என்பது அவர் வாதம். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. படித்தவன் என்ற முறையில் நான் சொன்ன புத்திமதியெல்லாம் வீணாயிற்று.

பிறகு ஒரு நாள் இரவு, புத்திமதியை விட்டுவிட்டு நூர்மியின் கதையைச் சொன்னேன். ரொட்டி வண்டி தள்ளிய பையன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பது தங்கப் பதக்கம் என்றதும் சிரித்தார். கடைசியில் இதயநோய் என்றபோது வெகுநேரம் பேசவில்லை. அவ்வளவு ஓடினவருக்குமா வந்தது என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

அவர் பீடியை முழுவதும் விட்டுவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. அது பொய்யாகும். ஆனால் இப்போது எண்ணிப் புகைக்கிறார். மாலையில் கட்டில் எத்தனை மீதி இருக்கிறது என்று என்னிடம் காட்டுகிறார். மீதி கூடிக்கொண்டே வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. அம்மா உப்பு ஜாடியில் சிறிய கரண்டி போட்டிருக்கிறார்.

நானும் மாறினேன். பத்து மணிக்குக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். காலையில் டீக்குப் பதில் கம்பங்கூழ். வாரத்தில் ஐந்து நாள், சுற்றுக்கு இத்தனை வினாடி என்று கணக்கிட்டு ஓடுகிறேன். இவ்வாண்டு விளையாட்டு விழாவில் எட்டாவதாகத்தான் வந்தேன். யாரும் கைதட்டவில்லை. ஆனால் பன்னிரண்டரைச் சுற்றையும் ஓடி முடித்தேன்.

தோழர்களே! நம்மில் பலர் உழைக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். உழைப்பே உடற்பயிற்சி, இளமையே மருந்து என்று எண்ணி வாழ்கிறோம். உணவு, உறக்கம், பயிற்சி, புகையின்மை ஆகிய நான்கையும் நாள்தோறும் அளந்து வாழ்வோம். மாலையில் வீட்டுக்குப் போனதும், நமக்காக உழைத்துத் தேய்ந்துகொண்டிருக்கும் பெற்றோரையும் சற்றே உற்றுப் பார்ப்போம். அவர்களுக்கும் ஒரு நிறுத்துக் கடிகாரம் தேவைப்படுகிறது. அதைப் பிடிக்கும் கை நம்முடையதாக இருக்கட்டும்!