சீமையில் சமைத்துச் சாப்பிட்ட கணித மேதை

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி. சென்னைத் துறைமுகத்தில் இருந்து நெவாசா என்ற கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதில் 26 வயது வாலிபர் ஒருவர் இருந்தார். அவர் போட்டிருந்த கோட்டும் காலரும் புதிது. காலில் பூட்ஸ் புதிது. தலையில் குடுமி இல்லாததும் அவருக்குப் புதிது.

அவர்தான் கணித மேதை ராமானுஜம்.

ராமானுஜம் போட்ட கணக்குகளைப் பற்றி உலகமே பேசுகிறது. ஆனால் சீமையில் இருந்த ஐந்து வருஷமும் அவர் என்ன சாப்பிட்டார்? எப்படித் தூங்கினார்? யாரோடு பேசினார்? அந்தக் கதை கணக்கைவிட எளிது. ஆனால் மனத்தை உருக்குவது.

30 ரூபாய் குமாஸ்தா

ராமானுஜம் 1887 டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். தாயார் பெயர் கோமளத்தம்மாள்.

சிறு வயது முதலே ராமானுஜம் கணக்கில் புலி. ஆனால் கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை. அதனால் கல்லூரிப் பரீட்சையில் தேறவில்லை. 1909-ம் ஆண்டு அவருக்கும் ஜானகி அம்மாளுக்கும் திருமணம் நடந்தது. 1912-ம் ஆண்டு சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்ற கணிதப் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் கண்டுபிடித்த கணக்குகளை அதோடு அனுப்பினார். ஹார்டி அதைப் பார்த்து அசந்து போனார். ராமானுஜத்தைத் தம்மிடம் வரவழைக்க விரும்பினார்.

ராமானுஜம் முதலில் சம்மதிக்கவில்லை. அந்தக் காலத்தில் வைதிகக் குடும்பத்தினர் கடல் கடக்க மாட்டார்கள். கடந்தவரை உறவினர் ஒதுக்கி வைப்பார்கள். நல்லது கெட்டதுக்கு அழைக்க மாட்டார்கள். தாயாரும் கூடாது என்றார்.

பிறகு தாயார் ஒரு கனவு கண்டார். குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார், மகனின் வழியில் குறுக்கே நிற்காதே என்று உத்தரவிட்டதாக அவர் சொன்னார். தடை நீங்கியது.

சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அப்போது ஒரு பவுனுக்கு 15 ரூபாய். அதில் 50 பவுன் கும்பகோணத்தில் இருந்த குடும்பத்துக்குப் போயிற்று. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுன் கொடுத்தது.

ஜானகி அம்மாள் தாமும் வருவதாகக் கேட்டார். அவருக்கு அப்போது 15 வயது நிறையவில்லை. இவ்வளவு சிறு பெண்ணை அயல் நாட்டுக்கு அழைத்துப் போனால் படிப்பு கெடும் என்று ராமானுஜம் மறுத்துவிட்டார்.

புறப்படும் முன் குடுமியை எடுத்தார்கள். அந்தக் கோலத்தைத் தாயும் மனைவியும் பார்க்க வேண்டாம் என்று இருவரையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

புது ஊர்

28 நாள் பிரயாணம். ஏப்ரல் 14-ந் தேதி கப்பல் லண்டன் சேர்ந்தது. நெவில் என்ற கணித ஆசிரியர் காரோடு வந்து காத்திருந்தார். சென்னைக்கு வந்து ராமானுஜத்தின் மனத்தை மாற்றியவர்களில் அவரும் ஒருவர். கேம்பிரிட்ஜில் நெவிலின் வீட்டிலேயே ராமானுஜம் சில வாரம் தங்கினார். நெவிலின் மனைவி அன்போடு கவனித்துக் கொண்டார்.

பிறகு ராமானுஜம் டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடி போனார். ஹார்டியின் அறை அங்கிருந்து சில நிமிஷ நடை. அதனால்தான் அந்த இடம் மாறினார்.

பூட்ஸ் அவருக்குப் பெரும் தொல்லை. வாழ்நாளெல்லாம் வெறுங்காலில் நடந்தவர். தோல் பூட்ஸுக்குள் கால் நுழைய மறுத்தது. அறைக்குள் செருப்போடுதான் இருப்பார்.

தினம் காலையில் ஹார்டியைப் பார்ப்பார். இரவில் தோன்றிய புதுக் கணக்குகளைக் காட்டுவார். ஒரு நாளைக்கு ஐந்தாறு புது விடைகள் இருக்கும். ஹார்டிக்கு அதுவே ஆச்சரியம்.

எண்களைப் பற்றி அவர் என்னதான் யோசித்தார்? ஒன்றை மட்டும் பார்ப்போம். 12 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியில்லாமல் வகுக்கும். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை வகுக்கும் எண்கள் கிடையாது. அடுத்து 24. அதற்கு எட்டு. இப்படிப்பட்ட எண்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று ஆராய்ந்து 1915-ம் ஆண்டு நீண்ட கட்டுரை எழுதினார். கல்லூரிப் பரீட்சையில் தேறாத அவருக்கு, 1916 மார்ச் மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அதற்காக பி.ஏ. பட்டம் கொடுத்தது.

அடுப்பும் கணக்கும்

ராமானுஜம் மரக்கறி உணவு தவிர வேறு தொட மாட்டார். டிரினிட்டி கல்லூரியில் பெரிய சாப்பாட்டுக் கூடம் உண்டு. மாணவர்கள் அங்கே கூடித்தான் சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், சிநேகம் பிடிப்பார்கள். ராமானுஜம் அங்கே போகவில்லை. உருளைக்கிழங்கைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வறுத்திருப்பார்களோ என்ற பயம்.

ஆகவே தம் அறையில் சிறு காஸ் அடுப்பில் தாமே சமைத்தார். ஊரில் அடுப்படிப் பக்கம் போகாதவர் இங்கே சோறு வடித்தார், ரசம் வைத்தார். புளியும் பொடியும் நம் ஊரில் இருந்து கப்பலில் வர வேண்டும்.

கணக்கில் ஆழ்ந்துவிட்டால் சமையல் மறந்து போகும். ஒரே மூச்சாக 24 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பார். பிறகு அடித்துப் போட்டாற்போல் தூங்குவார். ஒரு நாளைக்கு ஒரு வேளை சமைப்பதே அதிகம்.

1915 ஜனவரியில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தமக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று தெரிவித்தார். நாக்கை அடக்கிவிட்டதாகவும், வெறும் சோற்றில் கொஞ்சம் உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டுக்கொண்டு எத்தனை நாளும் இருக்க முடியும் என்றும் எழுதினார்.

அறையில் அவரைப் பார்க்க வந்தவர்களில் மஹலனோபிஸ் என்ற வங்காள மாணவரும் ஒருவர். பின்னாளில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை ஏற்படுத்தியவர் இவரே. ஒரு நாள் ராமானுஜம் அடுப்பில் காய்கறி கிளறிக் கொண்டிருந்தார். மஹலனோபிஸ் ஒரு பத்திரிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார்.

புதிர் இதுதான். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத் தொகையும், அந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத் தொகையும் சமம். தெருவில் 50 வீட்டுக்கு மேல் 500 வீட்டுக்குள் இருந்தால் அது எத்தனையாவது வீடு?

எட்டு வீடு உள்ள தெருவில் ஆறாம் வீடு அப்படிப்பட்டது. 1 முதல் 5 வரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் 15. பெரிய தெருவுக்கு விடை, 288 வீட்டில் 204-ம் வீடு. ராமானுஜம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கிளறிக்கொண்டே, அந்த ஒரு தெருவுக்கு மட்டும் அல்ல, எத்தனை பெரிய தெருவானாலும் விடை காணும் வழியைச் சொல்லிவிட்டார்.

கம்பளிக்கு மேலே

இன்னொரு நாள் மஹலனோபிஸ், இரவில் குளிருக்கு அடக்கமாக இருக்கிறதா என்று விசாரித்தார். கோட்டைப் போட்டுச் சால்வையையும் போர்த்திக் கொண்டு படுத்தும் குளிர் தாங்கவில்லை என்றார் ராமானுஜம்.

மஹலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். அதில் கம்பளிகள் நிறைய இருந்தன. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி அவற்றை மெத்தைக்கு அடியில் ஓரம் மடித்துச் செருகி, மேலே ஒரு விரிப்புப் போட்டிருந்தார்கள். கம்பளிகளைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜத்துக்குத் தெரியவில்லை. அத்தனை கம்பளிக்கும் மேலே படுத்து இரவெல்லாம் நடுங்கியிருக்கிறார்!

உலகம் காணாத கணக்கைக் கண்டவர். படுக்கை விரிப்பைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கூச்சத்தால் அவரும் யாரையும் கேட்கவில்லை.

அந்தக் கூச்சத்துக்குள் ரோஷமும் இருந்தது. ஒரு முறை நண்பர்கள் சிலரை விருந்துக்கு அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். ரசத்தை மீண்டும் ஊற்ற வந்தபோது, விருந்துக்கு வந்த பெண்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் ராமானுஜத்தைக் காணோம். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டு நகரில் இருந்து தந்தி வந்தது. ஊர் திரும்ப ஐந்து பவுன் அனுப்பும்படி கேட்டிருந்தார். தாம் பரிமாறியதை வேண்டாம் என்றது அவர் மனத்தை அவ்வளவு புண்படுத்திவிட்டது. அவர் விருந்தாளிக்குக் கொடுக்கக்கூடிய நம் ஊர்ப் பொருள் அந்த ரசம் ஒன்றுதான்.

யுத்தம்

அவர் போய் நான்கு மாதம் ஆவதற்குள், 1914 ஆகஸ்டில் முதல் உலக யுத்தம் மூண்டது. மாணவர்கள் போர்முனைக்குப் போனார்கள். கல்லூரி வளாகத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். ஹார்டியோடு சேர்ந்து ராமானுஜத்துக்கு உதவிய லிட்டில்வுட் என்ற பேராசிரியரும் பட்டாளத்தில் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் வெறிச்சோடியது.

இரண்டு வருஷத்தில் ஊர் திரும்ப நினைத்தவர் ஐந்து வருஷம் தங்க நேர்ந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தன. காய்கறி, பழம், பால் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. மாமிசம் சாப்பிடாதவர் பாடு திண்டாட்டம் ஆயிற்று.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப் போகவில்லை. ஜானகி அம்மாள் எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குச் சேரவில்லை. மனைவி ஏன் எழுதவில்லை என்று ராமானுஜம் அங்கே ஏங்கினார்.

1917-ம் ஆண்டு அவர் படுத்த படுக்கையானார். க்ஷயரோகம் என்று வைத்தியர்கள் நினைத்தார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். மாட்லாக் என்ற ஊரில் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வெகுநாள் இருந்தார். குளிர்ந்த காற்று படுவதே அந்தக் காலத்தில் க்ஷயத்துக்கு வைத்தியம். ஏற்கெனவே குளிரில் வாடியவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1918-ன் தொடக்கத்தில் மனம் உடைந்து உயிரை விடவும் துணிந்தார். தெய்வாதீனமாகத் தப்பினார்.

அதே வருஷத்தில்தான் பெருமைகளும் வந்தன. லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அப்போது வயது 30. டிரினிட்டி கல்லூரி பெல்லோ பதவி கொடுத்தது. அந்தப் பதவியை அடைந்த முதல் இந்தியர் அவர்தான்.

சென்னைப் பல்கலைக்கழகமும் வருஷம் 250 பவுன் தர முன்வந்தது. 1919 ஜனவரியில் ராமானுஜம் பதில் எழுதினார். இவ்வளவு பணம் தமக்கு அதிகம் என்றார். 50 பவுனைப் பெற்றோருக்குக் கொடுத்து, தம் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிடும்படி கேட்டுக் கொண்டார். அவர் அப்போது நோயாளி. உப்பும் எலுமிச்சையும் பிசைந்த சோற்றைத் தின்று வாழ்ந்தவர்.

ஊர் திரும்பினார்

1919 மார்ச் மாதம் கப்பல் பம்பாய் வந்தது. தாயார் வந்து காத்திருந்தார். ஜானகி எங்கே என்பதுதான் ராமானுஜம் கேட்ட முதல் கேள்வி.

பிறகு ஜானகி அம்மாள் வந்து சேர்ந்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பின் கணவனும் மனைவியும் அந்த ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். நேரத்துக்குச் சோறும் மோரும் கொடுத்தார். கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். ராமானுஜம் படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டார்.

1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அவருக்கு வந்தது க்ஷயம் அல்ல, சீதபேதிக் கிருமி ஈரலைத் தாக்கிய நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஓர் ஆராய்ச்சியாளர் எழுதினார். சரியாகக் கண்டுபிடித்திருந்தால் அந்தக் காலத்திலேயே அதற்குச் சிகிச்சை இருந்தது.

ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்தார். சென்னை திருவல்லிக்கேணியில் பல்லாண்டு வாழ்ந்து 1994-ம் ஆண்டு மறைந்தார். கணவர் கடைசி நாட்களில் சொன்னதாக ஒன்றை அவர் நினைவுகூர்ந்தது உண்டு. நீயும் என்னோடு சீமைக்கு வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது என்று ராமானுஜம் சொன்னாராம்.

அன்று படிப்பு கெடும் என்று விட்டுப் போனார். படிப்பு கெடவில்லை. ஒரு வாய்ச் சோறு சமைத்துப் போடவும், கம்பளியை எடுத்துப் போர்த்திவிடவும் அருகில் ஆள் இல்லாமல் போயிற்று.