சுண்டுக்குளியில் பணிசெய்த கிறிஸ்தியான் தாவீது

அரியாலையிலிருந்து கண்டி வீதியால் யாழ்ப்பாண நகரை நோக்கிப் போனால் முதலில் வருவது சுண்டுக்குளி. அங்குள்ள பரி. யோவான் ஆலயத்தைப் பற்றிப் பேசும்போது வெள்ளைக்கார மிஷனரிமாரின் பெயர்களைத்தான் நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு முன்பே அங்கு போதித்த ஒரு தமிழரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் பெயர் கிறிஸ்தியான் தாவீது.

1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற 30க்கும் மேற்பட்ட ஆலயங்களைத் தமது சபைக்கு மாற்றினார்கள். பிறப்பும் திருமணமும் பள்ளித் தோம்பில் பதியப்பட்டன. அரச உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்ற நிலை இருந்தது. அதனால் ஏட்டில் கிறிஸ்தவர் தொகை பெருகியது. 1795இல் ஆட்சி ஆங்கிலேயரிடம் போனது, நிர்ப்பந்தமும் போனது. பெரும்பாலானோர் தமது சைவத்துக்கே வெளிப்படையாகத் திரும்பினர். ஆலயங்கள் பாழடைந்தன.

இந்த நிலையில்தான் 1801இல் தாவீது வந்தார். அவர் தஞ்சாவூரில் பணியாற்றிய ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் மாணவர். அவருடைய கையில் தோம்பும் இல்லை, தண்டனையும் இல்லை. தமிழ் மட்டும்தான் இருந்தது. விரும்பி வந்தவர்களை வைத்துத்தான் அவர் சபையை நடத்த வேண்டியிருந்தது.

அவருக்கு இன்னொரு தடையும் இருந்தது. இந்தியரையோ இலங்கையரையோ குருவாக அபிஷேகம் செய்யத் தமக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்பது கல்கத்தாவின் முதல் பேராயர் மிடில்டனின் நிலைப்பாடு. மிடில்டன் 1822இல் இறந்தார். அடுத்த ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. புதிய பேராயர் ஹீபர் 1824இல் கல்கத்தாவில் தாவீதை அபிஷேகம் செய்தார். புரட்டஸ்தாந்து சபைகளில் அவர் முதல் தமிழ்க் குருவல்ல. தரங்கம்பாடி லூத்தரன் சபையில் ஆரோன் 1733இலேயே குருவானார். ஆனால் அங்கிலிக்கன் திருச்சபையில் அந்த இடம் தாவீதுக்கே உரியது. யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகு அதற்காக அவர் 23 ஆண்டுகள் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்புக் காலத்திலேதான் 1816இல் அமெரிக்க மிஷனரிமாரும், 1818இல் ஜோசப் நைற்றும் வந்தார்கள். நைற் 1823இல் நல்லூரில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய யாழ். பரி. யோவான் கல்லூரி. இவர்கள் வந்து இறங்கியபோது இங்கே தமிழில் போதிக்கும் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். ஆனால் எங்கள் ஞாபகத்தில் பள்ளியைக் கட்டியவர்கள் நிற்கிறார்கள், சபையை விழாமல் பிடித்துக்கொண்டவர் நிற்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு இதே கண்டி வீதியால் செம்மணி, நாவற்குழி தாண்டிப் போன சனத்தில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள். பிறகு திரும்பிவந்து கோயிலைக் கூட்டி, ஆலயத்தைத் திறந்து, பத்துப் பேரோடாவது பூசையையும் ஆராதனையையும் தொடங்கியவர்களை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஓர் ஆட்சி போன பிறகு எஞ்சியவர்களோடு இருப்பது எவ்வளவு கடினம் என்பதும் தெரியும். தாவீது செய்தது அந்த வேலையைத்தான். சபை வரலாறுகளில் அவருக்கு ஒரு பந்தி போதாது.