திருத்தாளம் பெற்ற பிள்ளையார்

சமயகுரவர் நால்வருள் முதற்கண் வைத்து எண்ணப்பெறும் திருஞானசம்பந்த சுவாமிகளது சரிதத்தைச் சேக்கிழார் பெருமான் விரித்தோதிய பின்னர், அதனை மீண்டும் எழுதப் புகுவது மிகையென்று அன்பர் சிலர் கருதலாம். யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது சரிதம் முழுவதும் அன்று. பிள்ளையார் திருக்கையில் தாளம் வந்த நாள் தொட்டு அவர் சோதியுட் புக்க நாள் வரை, இசையின் அளவைக் குறிக்கும் சொற்கள் அவ்வரலாற்றோடு எங்ஙனம் பிணைந்துள்ளன என்பதொன்றையே நோக்குகின்றோம். தாளம், காலம், நடை, இலயம் என்பன இந்நாளில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக மயங்க வழங்கப்படுகின்றன. அம்மயக்கம் பதிகங்களின் அமைப்பையே மறைத்து விடுகின்றதாகலின், அதனை நீக்குதல் சைவர்க்குக் கடனாகின்றது.

சீகாழியிலே கவுணியர் குலத்திலே சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் திருமகனாராய்ப் பிள்ளையார் தோன்றினார். வாதாபிப் போரிற் பங்குகொண்ட சிறுத்தொண்டரோடு அவர் அளவளாவினமையானும், அந்நகர் பல்லவர் வசமானது கி.பி. 642 ஆகலானும், அவர் காலம் 7-ஆம் நூற்றாண்டென்பது தெளிவு. மூன்றாம் ஆண்டிற் பிரமதீர்த்தக் கரையில் ஞானப்பால் உண்டு, நட்டபாடைப் பண்ணில் முதற்பதிகம் அருளினார். அதன்பின் அணித்தேயுள்ள திருக்கோலக்காவுக்குத் தந்தையார் தோள்மேல் எழுந்தருளி, தம் சிறு கைகளால் ஒத்தறுத்துத் தக்கராகத்திற் பாடினார். தளிர்போன்ற அக்கைகள் நோவுறாவண்ணம், திருவைந்தெழுத்துப் பொறித்த பொற்றாளத்தை இறைவன் ஈந்தருளினான். இதற்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகளது திருக்கோலக்காப் பதிகமும் சான்றாகும்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. தாளக்கருவி வருமுன்னரே கை அளவறிந்து ஒத்தியது என்பது ஒன்று. ஆகவே தாளம் என்பது கருவியன்று. பாடுவோன் உள்ளத்து நிற்கும் அளவேயாம். கருவி அதனைப் புறத்தே புலப்படுத்துவது. மற்றொன்று, தாளக்கருவி வெண்கலத்தாற் செய்யப்படுவது வழக்கம். பொன் அவ்வாறு ஒலித்தற்கு உரியதன்று. அப்பொன்னுக்கு ஓசையை அம்மையே அருளினாள் என்பர். அத்தலத்து அம்மைக்கு ஓசைகொடுத்த நாயகி என்னும் திருநாமம் இன்றும் வழங்குகின்றது. அளவு அப்பனாலும் ஒலி அம்மையாலும் வந்தன என்னும் இத்தல வழக்கில், சிவமும் சத்தியும் பிரிவின்றி நிற்கும் சித்தாந்த உண்மையை அறிஞர் கண்டுகொள்வர்.

இனி, அச்சொற்களின் பொருளை வரையறுப்போம். சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார், கொட்டு அரை மாத்திரை, அசை ஒரு மாத்திரை, தூக்கு இரண்டு மாத்திரை, அளவு மூன்று மாத்திரை எனக் கூறுவர். இவை தாளத்தின் உறுப்புக்கள். பாட்டின் செலவை முதனடை, வாரம், கூடை, திரள் என நால்வகைப்படுத்தி, முதனடை மிகத் தாழ்ந்த செலவென்றும் திரள் மிக முடுகிய செலவென்றும் அவ்வுரை விளக்கும். பிற்காலத்தார் விளம்பம், மத்திமம், துரிதம் என மூன்று காலம் வகுத்தனர். எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளத்தில், ஓர் எண்ணுக்கு ஓரெழுத்தாகப் பாடின் முதற்காலம். இரண்டாகப் பாடின் இரண்டாங்காலம். நான்காகப் பாடின் மூன்றாங்காலம். மூன்றிடத்தும் கை ஒரே விரைவிற் செல்லும். அக்கையின் விரைவு காலப்பிரமாணம் எனப்படும். ஓர் எண்ணை உள்ளே மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது எனப் பகுப்பது நடை. அவை முறையே திசிரம், சதுரசிரம், கண்டம், மிசிரம், சங்கீரணம் என்னும் பெயருடையன. கையின் விரைவு வேறு, காலம் வேறு, நடை வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வேறுபாட்டைப் பிள்ளையாரது வாக்கிலேயே காணலாம். திருக்கழுமலத்துக்கு வியாழக்குறிஞ்சிப் பண்ணில் அருளிய திருத்தாளச்சதி, முதற்றிருமுறையில் 126-ஆம் பதிகம். அதன்கண் வல்லொற்று அடர்ந்த சொற்களும், நெட்டெழுத்து மிக்க சொற்களும், குற்றெழுத்து உருண்டோடும் சொற்களும் ஓரடியினுள்ளேயே அடுத்தடுத்து நிற்கின்றன. கை மாறாதிருக்கச் சொல்லே நடை மாறுகின்றது. திருவிராகப் பதிகங்களிலோ குற்றெழுத்துப் பெருகுதலால் முடுகு தானே அமைகின்றது. அவ்விரைவு எழுத்தினுள் உள்ளது. அதனை உணராது கையையும் உடன் விரைப்பவர், விரைவை இருமடங்காக்கிப் பொருளைச் சிதைப்பவராவர்.

இத்தகைய இசைக்குத் துணையாக வந்தவர் எருக்கத்தம்புலியூர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாருடன் சீகாழியடைந்து, பிள்ளையாரது பதிகங்களை யாழிலிட்டு வாசிக்கும் பேறு பெற்று, இறுதிவரை பிரியாது உடன் சென்றார். பாணரது தாயார் பிறந்த ஊர் தருமபுரம். அஃது ஆதீனம் விளங்கும் மயிலாடுதுறைத் தருமபுரம் அன்று. காரைக்காலுக்கு அணித்தாயுள்ள தலம். அங்கே சுற்றத்தார், பதிகத்தின் பெருமை பாணர் யாழினால் வந்ததென்று மொழிந்தனர். அதுகேட்டு நடுங்கிய பாணர், யாழில் அடங்காததொரு பதிகம் அருளுமாறு வேண்டினார். பிள்ளையார் அருளிய யாழ்மூரியை நரம்பிலிட மாட்டாமையாற் பாணர் யாழை உடைக்கப் புகுந்தார். பிள்ளையார் அதனைத் தடுத்து, கருவியில் இயன்ற அளவு வாசித்தலே அமையும் எனத் தெருட்டினார். அளவுக்குட்பட்ட கருவியை இகழ்தலும் தகாது, அதனையே முடிவென்று கொள்ளுதலும் தகாது என்பது இதனாற் போந்த பயன். அப்பதிகம் முதற்றிருமுறையின் இறுதியில் 136-ஆவதாக நிற்கின்றது.

பின்னர்ப் பிள்ளையார் திருமறைக்காட்டில் நாவரசரோடு வழிபட்டு, மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் வேண்ட மதுரை சென்று, பாண்டியனது வெப்புநோய் தீர்த்துச் சைவம் நிலைபெறச் செய்தார். அவ்வரலாறு யாவரும் அறிந்ததாகலின் விரித்திலோம்.

அவர் அருளிய பதிகங்கள் பிற்காலத்தே எவ்வாறு பாடப்பட்டன? தஞ்சைப் பெருங்கோயிலில் முதல் இராசராசன் (985–1014) திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரையும், உடன் உடுக்கை வாசிப்பான் ஒருவனையும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் நியமித்து, நாடோறும் ஒருவருக்கு முக்குறுணி நெல் அளித்தமை கல்வெட்டால் அறியப்படும். பதிகங்கள் அன்று தாளத்தோடு இசைக்கப்பட்டன என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. பாணர் மரபில் வந்த ஓர் அம்மையார் பண்தோறும் கட்டளை வகுத்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். கட்டளையென்பது பதிகத்தின் எழுத்து நடையையும் அளவையும் கட்டி நிறுத்தும் அமைப்பு. ஓதுவார் மரபில், தாளமின்றி ஓதுவது சுத்தாங்கம், தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம் என இருமுறை உள. சுத்தாங்கத்தால் சொற்பொருள் தெளிவுறும். அதனை யாம் குறைகூறேம். ஆயினும் திருத்தாளச்சதியையும் திருவிராகத்தையும் அம்முறையில் மட்டுமே ஓதின், கோலக்காவில் வந்த கொடையை மூடிவைத்தவராவோம். மடங்களிற் பயிலும் இளஞ்சிறார்க்குக் கையொத்தும் கட்டளையும் உடன் கற்பிக்கப்படல் வேண்டும்.

பதினாறாம் ஆண்டில், வைகாசி மூலத்தன்று, நல்லூர்ப் பெருமணத்திலே நம்பாண்டார் நம்பி திருமகளாரை மணந்தபொழுது, பிள்ளையார் ஐந்தெழுத்தின் பெருமையைக் கௌசிகப் பண்ணிற் பாடி, உடன் வந்தாரையெல்லாம் சோதியுட் புகுவித்துத் தாமும் புக்கருளினார். பாணரும் அவர் மனைவியாரும் உடன் புக்கனர். தாளத்திற் பொறித்த ஐந்தெழுத்தே முடிவிற் பதிகமாயிற்று.

எஞ்சியது இலயம் என்னும் சொல். ஒடுக்கம் என்பது அதன் பொருள். பாட்டும் தாளமும் இடைவெளியின்றி ஒன்றும் நிலையை இசைநூலார் அப்பெயரால் வழங்குவர். அந்நிலையிற் பாட்டு அழிந்து தாளமாவதில்லை. தாளம் அழிந்து பாட்டாவதுமில்லை. இரண்டும் இரண்டேயாய் நின்று பிரிப்பின்றி இயலும். பெருமணத்துச் சோதியிற் புக்க அடியார் நிலையும் அத்தகையதே. உயிர் கெடுவதன்று முத்தி. தாளும் தலையும் கூடித் தாடலை என ஒருசொல் நீர்மைத்தாதலை உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் உவமை காட்டினார். திருத்தாளம் ஏந்திய கையைத் தியானிப்பார்க்கு அவ்வுவமை செவிப்புலனாகவும் விளங்கும் என்பது எமது துணிபு.