துயருற்றோரின் துணைவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை



சாவு விழாத வீடு நம் ஊரில் ஒன்றும் இல்லை. துக்கம் விசாரிக்கச் செல்லும் நாம், "அழாதீர்கள், எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். அந்தச் சொல் ஆறுதல் தருகிறதா, அல்லது நம் கடமையைச் சுருக்கிக்கொள்ள உதவுகிறதா? இதற்கு விடை காண, நம் அண்டை ஊராகிய மாயூரத்தில் வாழ்ந்த ஒரு கத்தோலிக்கப் பெரியவரின் வாழ்க்கையை நினைவுகூர்வது நலம்.

வேதநாயகம் பிள்ளை 1826 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் தம்பதியரின் மகனாகப் பிறந்தார். திருச்சி நீதிமன்றத்தில் பணிபுரிந்து, 1857 இல் நமக்கு வடக்கேயுள்ள தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்னர் சீர்காழியிலும் மாயூரத்திலும் அதே பதவியை வகித்தார். 1859 இல் நீதிநூலும், 1869 இல் பெண் கல்வியை வலியுறுத்தும் பெண்மதி மாலையும் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879 இல் அச்சேறியது. தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை முதலியன அவருடைய பக்தி நூல்கள்.

பேரும் புகழும் பெற்ற அவருக்குத் துயரமும் குறைவில்லை. மனைவியைப் பறிகொடுக்கும் வேதனையை அவர் ஒரு முறைக்கு மேல் அனுபவித்தார். உடல்நலம் குன்றி 1872 இல் பதவியிலிருந்து விலகினார். அவருடைய ஆருயிர் நண்பரும் சைவப் பெரும்புலவருமான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரியில் காலமானார்.

அதே ஆண்டு பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுக்கத்துடன் சொல்லி வந்தது அதைத்தான். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. தானியம் இருந்த இடத்திலும் விலை ஏழைக்கு எட்டவில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நம் காரைக்காலிலிருந்து அக்காலத்தில் கூலிக் கப்பல்கள் ரெயூனியன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குச் சென்றன. கப்பலேறியவர்களில் மிகப் பலர் ஊர் திரும்பவேயில்லை. சாவு ஒரு பக்கம், உயிரோடு பிரிவது மறுபக்கம்.

அந்த நாளில் வேதநாயகர் இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, அழுதார். பஞ்சத்தின் கொடுமையைச் சொல்லி, இரங்க வேண்டுமென்று சர்வேசுரனிடம் முறையிடும் கீர்த்தனைகளைப் பாடினார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்கவையாக அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனையில் அவை இடம்பெற்றுள்ளன. மற்றொன்று, தம் பொருளை அள்ளிக் கொடுத்தார். பசித்து வந்தோருக்குச் சாதி, சமயம் பாராமல் கஞ்சி வார்த்தார். அந்தக் கொடையைக் கண்டு நெகிழ்ந்த நந்தனார் சரித்திரக் கீர்த்தனை ஆசிரியர் கோபாலகிருஷ்ண பாரதியார், அவரைப் புகழ்ந்து பாட்டே இயற்றினார். விபூதி அணிந்த சிவபக்தர் ஒருவர் ஒரு கிறிஸ்தவரைப் பாடியது சிறிய காரியமா?

இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. விசுவாசமுள்ளவன் அழக்கூடாது என்பது நம் வேதம் அல்ல. லாசரின் கல்லறையருகே நம் ஆண்டவரே கண்ணீர் விட்டார். நயீன் ஊர்க் கைம்பெண்ணின் ஒரே மகனைப் பாடையில் கண்டபோது அவர் மனம் உருகியது. உருகியதோடு நில்லாமல் அருகில் சென்று பாடையைத் தொட்டார். தேவ இரக்கத்திற்குக் கண்ணீரும் உண்டு, கையும் உண்டு. வேதநாயகர் அந்தக் கண்ணீரைக் கீர்த்தனையாகவும், அந்தக் கையைக் கஞ்சிக் கலயமாகவும் காட்டினார். செபம் மட்டும் போதுமென்று அவர் வீட்டுக் கதவை அடைக்கவில்லை. தருமம் மட்டும் போதுமென்று செபத்தைக் கைவிடவும் இல்லை.

2004 டிசம்பர் 26 ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலை, கடல் பொங்கி நம் காரைக்கால் கடற்கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அன்றும் ஏன் ஆண்டவரே என்ற கேள்வி எழுந்தது. அதற்குச் சொல்லால் பதில் கூற யாராலும் முடியவில்லை. ஆயினும் பிணத்தை எடுத்துப் புதைத்த கைகளும், சோறு பொங்கிக் கொடுத்த கைகளும், தாயற்ற பிள்ளையை அணைத்த கைகளும் ஒருவகையில் பதில் கூறின.

வேதநாயகர் 1889 ஜூலை 21 ஆம் நாள் ஆண்டவரில் துயில் கொண்டார். நாம் ஒரு தீர்மானம் செய்வோம். நம் பங்கில் துக்கம் நேரும் வீட்டிற்கு அடக்கத்தன்று மட்டுமன்றி, எல்லாரும் கலைந்துபோன பின்னும் செல்வோம். அழுபவரை அழவிடுவோம், அடுப்பு எரிகிறதா என்றும் பார்ப்போம். சிலுவையடியில் நின்ற தேற்றரவு மாதா நமக்காகப் பரிந்து பேசுவாராக!