புண் ஆற்றும் பண்பு

நுழையும்முன்

நோயுற்றவர் நண்பரா, பகைவரா என்று நோக்காமல் செய்வதே மருத்துவத் தொண்டு. அத்தொண்டினைப் பிறர்க்குச் செய்வது அரிது. நம்மைச் சிறையில் அடைத்த அரசின் மருத்துவரிடம் நம் உயிரை நம்பி ஒப்படைப்பது அதனினும் அரிது. இவ்விரண்டையும் செய்தவர் காந்தியடிகள். புனே நகரில் 1924ஆம் ஆண்டு அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சையையும், எளிதில் ஆறாத புண்ணோடு அவர் கழித்த நாள்களையும் இப்பாடத்தில் அறிவோம்.

தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய தொண்டு

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குசராத்தின் போர்பந்தரில் பிறந்தார். இலண்டனில் சட்டம் பயின்று, 1893இல் வழக்குரைஞராகத் தென்னாப்பிரிக்கா சென்றார். ஒரு வழக்கிற்காகச் சென்றவர் ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகள் அங்கே தொண்டாற்றினார்.

பாலசுந்தரம் என்னும் தமிழர் அங்கே ஒப்பந்தக் கூலியாக வேலை செய்தார். முதலாளி அடித்ததில் அவருடைய முன்பற்கள் இரண்டு உடைந்தன. குருதி ஒழுகும் வாயோடு அழுதுகொண்டே அவர் காந்தியடிகளிடம் வந்து நின்றார். காந்தியடிகள் முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பினார். காயத்திற்குச் சான்றிதழும் பெற்றார். அதன்பின்னரே நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலில் காயம், பின்னர் வழக்கு என்பதே அவர் கொண்ட முறை.

ஒருநாள் தொழுநோயாளர் ஒருவர் அவர் வீட்டு வாயிலுக்கு வந்தார். உணவு மட்டும் கொடுத்து அனுப்பக் காந்தியடிகளுக்கு மனம் வரவில்லை. அவரை வீட்டிலேயே தங்கவைத்து, புண்களைக் கழுவிக் கட்டினார். இதன் பிறகு டர்பனில் இருந்த சிறிய அறமருத்துவமனை ஒன்றிலும் நாள்தோறும் ஓரிரு மணிநேரம் பணிவிடை செய்தார்.

1899இல் போயர் போர் மூண்டது. காந்தியடிகள் ஏறத்தாழ 1,100 இந்தியரைத் திரட்டி, காயமுற்ற வீரர்களைச் சுமந்து செல்லும் படையை அமைத்தார். 1906இல் சூலு மக்கள் மீது ஆங்கிலேயர் படை ஏவியபோதும் அவர் ஒரு சிறு தொண்டர் குழுவுடன் சென்றார். கலகக்காரர் என்னும் ஐயத்தால் கசையடி பெற்ற சூலு மக்கள் அங்கே கவனிப்பார் இன்றிக் கிடந்தனர். அவர்களுடைய புண்கள் சீழ்பிடித்திருந்தன. வெள்ளையர் அவற்றைத் தொடவும் விரும்பவில்லை. காந்தியடிகளும் தொண்டர்களும் அப்புண்களைத் தூய்மை செய்து மருந்திட்டனர். புண்ணைக் கவனியாது விட்டால் உடல் படும் பாட்டை அவர் அங்கே கண்கூடாகக் கண்டார்.

எரவாடாச் சிறை

1915இல் தாயகம் திரும்பிய காந்தியடிகள், 1920இல் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். அவர் எழுதிய கட்டுரைகள் அரசுக்கு எதிரானவை என்று வழக்குத் தொடரப்பட்டது. 1922 மார்ச் 18ஆம் நாள் அகமதாபாத்தில் அவருக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அவர் புனேயில் உள்ள எரவாடாச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே நாள்தோறும் இராட்டை நூற்றார். பல நூல்களைக் கற்றார். தென்னாப்பிரிக்கப் போராட்ட வரலாற்றை எழுதத் தொடங்கினார்.

1924 சனவரியில் அவருக்குக் கடுமையான வயிற்றுவலி ஏற்பட்டது. குடல்வால் அழற்சி என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில் விரல்போல் நீண்டிருக்கும் சிறு உறுப்பு ஆகும். அது வீங்கி வெடித்தால் சீழ் வயிறு முழுவதும் பரவி உயிருக்கே கேடு விளையும். எனவே, சனவரி 12ஆம் நாள் அவர் சசூன் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அன்றிரவே அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்று முடிவாயிற்று.

நம்பி ஒப்படைத்த உயிர்

அறுவை செய்ய இருந்தவர் கர்னல் மேடாக் என்னும் ஆங்கிலேயர். காந்தியடிகள் விரும்பிய பம்பாய் மருத்துவர்கள் வந்துசேரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. இங்கு ஒன்றை நினைத்துப் பார்க்கவேண்டும். 1909இல் எழுதிய இந்து சுயராச்சியம் என்னும் நூலில், மேலை மருத்துவத்தையும் மருத்துவமனைகளையும் கடுமையாகக் குறைகூறியவர் காந்தியடிகள். இப்போது அதே மருத்துவத்திடம், அதுவும் தம்மைச் சிறையிட்ட அரசின் மருத்துவரிடம், தம் உயிரை ஒப்படைக்க நேர்ந்தது.

சிகிச்சையில் தவறு நேர்ந்தால் நாடே கொந்தளிக்கும் என்பதை இருதரப்பினரும் அறிந்திருந்தனர். எனவே, காந்தியடிகளின் விருப்பப்படி சீனிவாச சாஸ்திரியார் அழைக்கப்பட்டார். அவர் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்த தமிழர். காந்தியடிகளை விடப் பத்து நாள்களே மூத்தவர். புனேயில் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர். ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்றதில்லை. ஆயினும், உயிர் ஊசலாடும் வேளையில் தம் கருத்துக்கு மாறுபட்ட அவரையே காந்தியடிகள் சான்றாக அழைத்தார்.

இருவரும் கலந்து ஓர் அறிக்கை உருவாக்கினர். தாம் அறுவைக்கு இசைந்ததையும், மருத்துவர்கள் தம்மை நன்கு கவனித்ததையும் காந்தியடிகள் அதில் தெரிவித்தார். என்ன நேர்ந்தாலும் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யலாகாது என்றும் கேட்டுக்கொண்டார். முழங்கால்களை மடக்கி, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் கையொப்பம் இட்டார். தம் கை நடுங்குவதைக் காட்டி மேடாக்கிடம் சிரித்தபடி பேசினார்.

குளோரோஃபார்ம் கொடுத்து அறுவை தொடங்கியது. இடையே இடியும் மழையுமாகப் புயல் வீசி மின்சாரம் நின்றுபோயிற்று. செவிலியர் ஒருவர் பிடித்திருந்த கைவிளக்கும் சற்று நேரத்தில் அணைந்தது. முடிவில் ஓர் அரிக்கேன் விளக்கின் ஒளியிலேயே மேடாக் அறுவையைச் செய்து முடித்தார். ஐம்பத்து நான்கு வயதுடைய காந்தியடிகள் உயிர் பிழைத்தார்.

ஆற மறுத்த புண்

அறுவை வெற்றியாக முடிந்தும் துன்பம் தீரவில்லை. அறுவை செய்த இடத்தில் சீழ்க்கட்டி தோன்றியது. உடல் தேறுவது தாமதமாயிற்று.

அறுவைப் புண்ணுக்குள் நுண்கிருமி புகுந்தால் சீழ் உண்டாகும். அடியில் சீழ் தேங்கியிருக்க மேல்தோல் மட்டும் மூடிக்கொண்டால், அப்புண் ஆறியதுபோல் தோன்றும். சில நாளில் மீண்டும் பிளக்கும். ஆகவே, அத்தகைய புண்ணை விரைந்து மூட முயல்வதில்லை. அதனைத் திறந்து சீழை வெளியேற்றி, நன்கு கழுவி, தூய துணியை உள்ளே வைத்துக் கட்டுவர். நாள்தோறும் கட்டினை மாற்றுவர். அடியிலிருந்து புதிய தசை சிறிது சிறிதாக வளர்ந்து மேலேறும். அவ்வாறு அடியிலிருந்து ஆறிய புண்ணே நிலையாக ஆறிய புண் ஆகும். இதற்கு வாரங்கள் செல்லலாம்.

இலிஸ்டர் என்னும் அறிஞர் 1867இலேயே கார்பாலிக் அமிலத்தால் கிருமியைத் தடுக்கும் முறையை வெளியிட்டிருந்தார். ஆனால், உடலுக்குள் புகுந்த கிருமியை அழிக்கும் பெனிசிலின் 1924இல் இல்லை. பிளெமிங் அதனைக் கண்டறிந்தது 1928இல்தான். எனவே அந்நாளில் தூய்மை, நல்லுணவு, ஓய்வு, பொறுமை ஆகியவையே பெரும் துணையாக இருந்தன. இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும், புண்ணை மூடி நீரை உறிஞ்சி எடுக்கும் கருவிகளும் உள்ளன. ஆயினும், அடியிலிருந்து ஆறவேண்டும் என்னும் முறை மாறவில்லை.

மகிழ்ச்சி தராத விடுதலை

காந்தியடிகளின் உடல்நிலையைக் கருதி, 1924 பிப்ரவரி 5ஆம் நாள் அரசு அவரை நிபந்தனை இன்றி விடுதலை செய்தது. நாடு மகிழ்ந்தது, அவர் மகிழவில்லை. கைதி ஒருவர் நோயுற்றது அவரை விடுவிக்கப் போதிய காரணம் ஆகாது என்று அவர் கருதினார். அதேவேளை, மருத்துவர்கள் காட்டிய அன்பை அவர் மறக்கவில்லை. அரசின் ஆட்சிமுறையை எதிர்த்தாரே அன்றி, அவ்வரசின் பணியில் இருந்த மனிதரை அவர் பகைக்கவில்லை. மார்ச்சு மாதத்தில் பம்பாயை அடுத்த சுகு கடற்கரைக்குச் சென்று ஓய்வெடுத்தார்.

இறுதிவரை தொடர்ந்த பணி

பிற்காலத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்னும் வடமொழி அறிஞர் தொழுநோயுற்றுச் சேவாகிராம ஆசிரமத்திற்கு வந்தார். காந்தியடிகள் அவருக்குக் குடில் அமைத்துக் கொடுத்தார்; தம் கைகளாலேயே அவர் உடலைத் தேய்த்துவிட்டுப் பணிவிடை செய்தார். டர்பனில் வீட்டு வாயிலில் தொடங்கிய பணி, முதுமையிலும் தொடர்ந்தது. 1948 சனவரி 30ஆம் நாள் தில்லியில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

சசூன் மருத்துவமனையில் காந்தியடிகளுக்கு அறுவை நடந்த அறை அவர் நினைவாகப் பேணப்படுகிறது. புனே செல்லும் மாணவர்கள் அதனை நினைவில் கொள்ளவேண்டும். பிறர் புண்ணைத் தயங்காமல் தொட்டவர், தம் புண்ணைத் தொடுவதற்கு மாற்றாரின் கையை நம்பி ஏற்றார். அவருடைய தொண்டும் நம்பிக்கையும் ஒரே பண்பிலிருந்து பிறந்தவை.

சொல்லும் பொருளும்

அழற்சி – வீக்கமும் வலியும் உண்டாதல்
இசைதல் – உடன்படுதல்
கசையடி – சாட்டையடி
மாற்றார் – எதிர்த்தரப்பினர்
ஐயம் – சந்தேகம்

மதிப்பீடு

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. காந்தியடிகளுக்கு அறுவை செய்த மருத்துவர் __________.
2. சீனிவாச சாஸ்திரியார் பிறந்த ஊர் __________.
3. பெனிசிலின் கண்டறியப்பட்ட ஆண்டு __________.

ஆ) ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. பாலசுந்தரத்திற்குக் காந்தியடிகள் முதலில் செய்த உதவி யாது?
2. அறுவைக்கு முன் எழுதிய அறிக்கையில் காந்தியடிகள் மக்களிடம் கேட்டுக்கொண்டது யாது?

இ) ஐந்து தொடர்களில் விடை தருக.
1. சீழ்பிடித்த அறுவைப் புண்ணை ஏன் விரைந்து மூடுவதில்லை?
2. தம் விடுதலையைக் காந்தியடிகள் ஏன் மகிழ்ச்சியுடன் ஏற்கவில்லை?

ஈ) சிந்தித்து எழுதுக.
கருத்து வேறுபாடு உள்ள ஒருவரிடம் நீ உதவி பெற்ற அல்லது அவருக்கு உதவிய நிகழ்வு ஒன்றை எழுதுக.